கல்லறை வாசலில் ஒரு பப்!

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் கிளாஸ்னெவின் என்றொரு பகுதி. அங்கே ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு இரண்டு இடங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம், சுமார் 15 லட்சம் பேர் உறங்கும் கல்லறைத் தோட்டம். இந்தப் பக்கம், ஒரு பப். கல்லறைத் தோட்டம் திறந்தது 1832-ல். மறு வருஷமே பப் வந்துவிட்டது. அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்குத் தொண்டை வறளும் என்று யாரோ சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்!

பெயர்ப் பலகையில் இருப்பது ‘ஜான் கவனா’. ஆனால், ஊரில் யாரைக் கேட்டாலும் ‘கிரேவ்டிக்கர்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். குழிவெட்டிகள் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் குழி தோண்டுகிறவர்கள் வேலைக்கு நடுவே சுவரைத் தட்டுவார்களாம். உள்ளே இருப்பவர்கள் சத்தம் கேட்டு, அந்தப் பக்கம் பியரை நீட்டுவார்களாம். எவ்வளவு நிஜம், எவ்வளவு கதை என்பதெல்லாம் கேட்கக் கூடாது. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதே குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கடையை நடத்திக்கொண்டிருக்கிறது.

டப்ளினில் வேலை பார்க்கும் என் அக்கா மகன்தான் என்னை அங்கே அழைத்துப்போனான். “சித்தி, சிட்டிக்குள்ள இருக்கறது எல்லாம் டூரிஸ்ட்டுக்கு. வாங்க, தெருக்காரங்க போற பப்பைக் காட்டறேன்” என்றான். “நான் குடிக்க மாட்டேனேப்பா” என்றதற்கு, “அதுக்கும் பப்புக்கும் சம்பந்தமே இல்ல சித்தி” என்று சிரித்தான்.

முதலில் கல்லறைத் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவதுதான் முறை. கத்தோலிக்கர்களுக்குக் கௌரவமான அடக்கம் கிடைக்காதிருந்த காலத்தில், எந்த மதத்தினரும், மதமே இல்லாதவர்களும் இங்கே உறங்கலாம் என்று டேனியல் ஓகானல் ஏற்படுத்திய இடம் இது. அவருடைய சமாதிக்கு மேல் 55 மீட்டர் உயரத்தில் ஒரு கல்கோபுரம். மைக்கேல் காலின்ஸும் டி வலேராவும் உள்நாட்டுப் போரில் எதிரெதிர் அணியில் நின்றவர்கள். இரண்டு பேரும் இப்போது இங்கேதான் இருக்கிறார்கள். நம் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி.கிரி 1913 முதல் 1916 வரை டப்ளினில்தான் சட்டம் படித்தார். ஐரிஷ் விடுதலைக்காரர்களோடு பழகினார் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

பப்புக்குள் நுழைந்ததும் முதலில் உறைத்தது, சத்தம் இல்லாததுதான். இல்லை, பேச்சு சத்தம் இருக்கிறது. மற்ற எதுவும் இல்லை. டி.வி கிடையாது. பாட்டு கிடையாது. பாடுவதும் ஆடுவதும் இங்கே வழக்கமில்லை. தேய்ந்த மரத்தரை, மரத் தடுப்புகள், புகை படிந்து பழுத்த நிறத்தில் சுவர்கள். அந்தப் புகையும் பழைய கதைதான். 2004 மார்ச் 29-ம் தேதி, வேலையிடங்கள் எல்லாவற்றிலும் புகைக்கத் தடை கொண்டுவந்தது அயர்லாந்து. பப்பும் அதில் சேர்த்தி. நாடு முழுக்க இப்படித் தடை போட்டதில் அவர்கள்தான் உலகத்திலேயே முதல். பப் இல்லாமல் வாழாத ஊர், சிகரெட்டை மட்டும் ஒரே நாளில் வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டது!

நிதானமாக ஊற்றும் கலை

அங்கே பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது கின்னஸ். கறுப்பு பியர், மேலே வெள்ளை நுரை. பார்த்தால் நம்மூர் டிகிரி காபியைத் தலைகீழாக வைத்த மாதிரி இருக்கும். 1759-ல் ஆர்தர் கின்னஸ் என்பவர் டப்ளினில் ஒரு மதுவடிப்பாலையை 9,000 வருஷக் குத்தகைக்கு எடுத்தார், வருஷத்துக்கு 45 பவுண்டு வாடகையில். மனிதருக்கு என்ன நம்பிக்கை பாருங்கள்!

ஊற்றுவதிலும் அவசரம் கூடாது. கிளாஸைச் சாய்த்து முக்கால் பாகம் நிரப்பி, அப்படியே வைத்துவிடுகிறார்கள். பழுப்பு நிறத்தில் புரண்டுகொண்டிருக்கும் திரவம் அடங்கிக் கறுப்பாகும்வரை காத்திருந்து, பிறகுதான் மீதியை நிரப்புகிறார்கள். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. அடங்கும்போது கவனித்தால், குமிழ்கள் மேலே போகாமல் கீழே இறங்குவதுபோல் தெரியும். கிளாஸின் வடிவம்தான் காரணம். நடுவில் குமிழ்கள் மேலே ஏற, ஓரத்தில் திரவம் கீழே இறங்கி, அங்கிருக்கும் சின்னக் குமிழ்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. அக்கா மகன் இதைச் சொல்லிக்கொண்டிருக்க, நான் என் ஆரஞ்சு சோடாவோடு அந்த கிளாஸையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வழக்கம், ரவுண்டு. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அவரவருக்கு அவரவர் வாங்குவதில்லை. ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை அடுத்தவர். எங்கும் எழுதிவைத்த கணக்கில்லை. ஆனால், எல்லோர் மனதிலும் கணக்கு உண்டு. நம்மூர் மொய் மாதிரிதான். வாங்கிக் குடித்துவிட்டுத் தன் முறை வரும்போது நழுவுகிறவருக்கு அந்த ஊரில் பெயர் கெட்டுவிடும். இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ஆறு பேர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால், ஒன்றோடு எழுந்துபோக நினைப்பவரும் ஆறு குடிக்க வேண்டியதாகிவிடும். எனக்கு இந்த வழக்கத்தில் பிடிக்காத விஷயம் அதுதான்.

பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர். எண்பதை நெருங்கும் வயது, தலையில் துணித்தொப்பி, முன்னால் ஒரே ஒரு பைண்ட். எந்த ஊர் என்று அவராகவே கேட்டார். சொன்னோம். வெயிலைப் பற்றிக் கேட்டார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று நானும் கேட்டுவைத்தேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “அவள் அங்கே இருக்கிறாள்” என்று கல்லறைத் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினார். வாரம் ஒருமுறை மனைவியைப் பார்த்துவிட்டு இங்கே வந்து உட்காருவாராம். “வீட்டுக்குப் போனால் யாரோடு பேசுவது?” என்றார். அதற்குள் கவுன்ட்டரில் இருந்தவர் அவரைப் பெயர் சொல்லி ஏதோ கிண்டலடிக்க, பெரியவர் திருப்பிக் கொடுத்தார். எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. கடையே சிரித்தது.

பெண்களுக்கு இடமில்லை!

நான் அங்கே சாதாரணமாக உட்கார்ந்திருந்தேன். ஐம்பது, அறுபது வருஷங்களுக்கு முன்பு இது நடந்திருக்காது. பழைய டப்ளின் பப்களில் ‘ஸ்நக்’ என்று ஒரு சின்ன அறை இருக்கும். மரத்தடுப்பு, தனிக் கதவு, உள்ளே கிளாஸை நீட்ட ஒரு ஜன்னல். பெண்கள் அங்கே மறைந்து உட்கார வேண்டும். வெளியே தெரிய விரும்பாத பாதிரியாரும் போலீஸ்காரரும்கூட அங்கேதான். பல கடைகளில் பெண்களுக்கு முழு பைண்ட் தர மாட்டார்கள், அரை கிளாஸ்தான்.

1970-களில் நெல் மெக்காஃபர்ட்டி என்ற பத்திரிகையாளரும் தோழிகளும் ஒரு வேலை செய்தார்கள். சுமார் முப்பது பெண்கள் ஒரு பப்புக்குள் போய், ஆளுக்கொரு பிராந்தி கேட்டார்கள். வந்தது. பிறகு ஒரே ஒரு பைண்ட் கேட்டார்கள். “பெண்களுக்குத் தருவதில்லை” என்றார்கள். “அப்படியானால் பிராந்திக்கும் காசு தருவதில்லை” என்று குடித்துவிட்டு எழுந்துவிட்டார்கள்! சட்டம் அவர்கள் பக்கம் முழுதாக வந்து நிற்க 2000-ம் வருஷம் ஆனது.

மூடும் கதவுகள்

அயர்லாந்தில் பப் என்பது வெறும் மதுக்கடையாக இருந்ததில்லை. கிராமங்களில் முன்பக்கம் மளிகை, பின்பக்கம் பப், கூடவே சவ அடக்க ஏற்பாடும் அதே முதலாளி என்பது சகஜம். 19-ம் நூற்றாண்டில் சந்தேக மரணம் என்றால் விசாரணைகூடப் பல நேரம் பப்பில்தான் நடக்கும். நிலவறை குளிர்ச்சியாக இருக்குமே!

அந்தக் கதவுகள்தான் இப்போது ஒவ்வொன்றாக மூடுகின்றன. 2005-க்குப் பிறகு நாடு முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேல் போய்விட்டன. கிராமங்களில்தான் அடி அதிகம். சூப்பர் மார்க்கெட்டில் விலை குறைவு. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான சட்டம் கடுமையாகிவிட்டது. அது உயிர்களைக் காப்பாற்றும் சட்டம், அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால், பஸ் இல்லாத ஊரில் தனியாக வாழும் விவசாயி, ஒரு பைண்டுக்காக வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். கொரோனா சமயத்தில் இன்னொரு கூத்து. 2020 ஜூன் கடைசியில், 9 யூரோவுக்குச் சாப்பாடு விற்கும் பப் மட்டும் திறக்கலாம் என்றார்கள். சமையலறை இல்லாத சின்னக் கடைகள் பூட்டிய கதவோடு காத்திருந்தன. டப்ளினில் அந்தக் காத்திருப்பு அடுத்த வருஷம்வரை நீண்டது.

குடி அந்த நாட்டைப் படுத்திய பாடும் கொஞ்சமல்ல. குடிக்க மாட்டோம் என்று சபதமெடுத்து, சட்டையில் பேட்ஜ் குத்திக்கொள்ளும் ‘பயனியர்’ சங்கம் அங்கே 1898-லிருந்து இருக்கிறது. 2022 ஜனவரி முதல், மதுவை ஒரு குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்கவே கூடாது என்று சட்டம். மது இல்லாத கின்னஸும் வந்துவிட்டது. அக்கா மகன் அன்று குடித்தது அதைத்தான். தெரிந்துகொண்டபோது எனக்கு நிம்மதி.

அன்று ராத்திரி திருச்சியிலிருந்து அக்கா போன் செய்தாள். “எங்கடி போயிருந்தீங்க?” என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அவன் அடிக்கடி அங்க போறானா?” என்றாள். ஒற்றை அறையில் தனியாக இருக்கிற பையன். வெளியே நாலரை மணிக்கு இருட்டிவிடும் குளிர்காலம். அவன் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி நலம் கேட்கும் நாலு பேர் அந்தப் பப்பில்தான் இருக்கிறார்கள். அதைச் சொன்னேன். அவளுக்கு முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. அம்மா இல்லையா!

டப்ளின் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பெற்றோரோடு வரும் பிள்ளைகளைப் பப்புக்குள் ராத்திரி 9 மணிவரை விடுவார்கள், மே முதல் செப்டம்பர்வரை 10 மணி. கவுன்ட்டரில் போய் நாமே கேட்டு வாங்க வேண்டும். ‘காடில்’ என்ற டப்ளின் குழம்பு இங்கே பிரபலம். சாசேஜ், பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் போட்டு மெதுவாக வேகவைப்பது. அதனால் சைவக்காரர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ஃபிடில், புல்லாங்குழல் எல்லாம் கேட்க ஆசை என்றால் வேறு பப் நிறைய இருக்கிறது. இங்கே பேச ஆள் இருந்தால் போதும். இல்லாவிட்டால் பக்கத்து மேஜைக்காரரே ஆரம்பித்துவிடுவார்.