வலிக்காத கல்லை விட்டுவிடலாமா?



வேறேதோ காரணத்திற்காக வயிற்றை ஸ்கேன் செய்கிறோம். அறிக்கையில் ‘பித்தக் கல்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. வலியில்லை, காய்ச்சலில்லை, சாப்பாடும் வழமைபோல். பக்கத்து வீட்டு ராத்தா, “எனக்கும்தான் பத்து வருஷமாகக் கல் இருக்கு. ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார்” என்கிறார். நாமும் அறிக்கையை அலுமாரியில் வைத்துவிடுகிறோம்.

ராத்தா சொன்னது அவருக்குச் சரியாக இருக்கலாம். உங்களுக்கும் அது பொருந்துமா என்பதைக் கல் இருக்கும் இடமே தீர்மானிக்கிறது.

பையிலா, கானிலா?

ஈரல் சுரக்கும் பித்தநீர் பித்தப்பையில் சேர்ந்து, நாம் உண்ணும்போது பித்தக்கான் எனும் ஒடுங்கிய குழாய் வழியாகச் சிறுகுடலுக்குச் செல்கிறது. பையில் கிடக்கும் கல் பெரும்பாலானோருக்கு எந்தத் தொல்லையும் தருவதில்லை. நோவு தராதவரை வைத்தியர்களும் பொதுவாக அதை அகற்றுவதில்லை.

கானுக்குள் இறங்கிய கல் அப்படியல்ல. அது வழியை அடைத்தால் மஞ்சட்காமாலை வரும். தேங்கிய பித்தத்தில் கிருமி பெருகினால் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வரும். சதையியின் குழாயும் அவ்விடத்திலேயே திறப்பதால் சதையி அழற்சியும் ஏற்படலாம். சிறு கற்கள் சில தாமாகவே குடலுக்குள் போய்விடுவதும் உண்டு. எது போகும், எது அடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

2014இல் வெளியான சுவீடன் நாட்டுப் பெரிய ஆய்வொன்றில், கானில் கல் அப்படியே விடப்பட்டோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பாதிப்பு ஏற்பட்டது. அகற்ற முயன்றோரில் அது எட்டுப் பேரில் ஒருவருக்கே. எனவேதான் உடல்நிலை இடங்கொடுத்தால், வலி இல்லாவிடினும் கானிலுள்ள கல்லை அகற்றுவது பற்றி வைத்தியர்கள் பேசுகிறார்கள்.

அகற்றுவதிலும் ஆபத்துண்டு

வாய் வழியாகக் கமெராக் குழாயைச் செலுத்தி, கானின் வாயைச் சற்று வெட்டிக் கல்லை எடுக்கும் முறை 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அறிமுகமானது. இதை ஈ.ஆர்.சீ.பீ. என்பர். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. ஆயினும் நூற்றில் சிலருக்கு இதனாலேயே சதையி அழற்சி உண்டாகிறது. பெரும்பாலும் இலேசானது, அரிதாக உயிராபத்தானது. அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே அவசரப்படவும் கூடாது, அசட்டையாக இருக்கவும் கூடாது.

வைத்தியரிடம் கேளுங்கள்:

1. கல் கானில்தான் உள்ளதா? எம்.ஆர்.சீ.பீ. ஸ்கேன் மூலம் உறுதிப்படுத்தலாமா?

2. என் வயதிற்கும் மற்ற நோய்களுக்கும் கல்லை எடுப்பது நல்லதா, பொறுத்துப் பார்ப்பது நல்லதா?

3. பித்தப்பையையும் அகற்ற வேண்டுமா? இரண்டையும் ஒரே சத்திரசிகிச்சையில் செய்யலாமா?

4. சதையி அழற்சியைக் குறைக்க மலவாயில் வைக்கும் டைக்ளோபினக் அல்லது இன்டொமெதசின் மருந்து எனக்குப் பொருந்துமா?

இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவரும் கர்ப்பிணிகளும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தளர்ந்த முதியவர்களுக்குப் பொறுத்திருப்பதே உகந்தது என வைத்தியர் முடிவு செய்யலாம். அப்போதும் சொன்ன தவணைக்குத் தவறாமல் போக வேண்டும்.

ஒலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் விழும் என்பார்கள். மறுநாள் மலத்தில் காணும் பச்சை உருண்டைகள் கற்களல்ல. அந்த எண்ணெயே குடலில் சவர்க்காரம் போல் கட்டியானது. கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கண் மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்த தேயிலைச் சாயம்போல் போனால், மேல் வயிற்றில் கடும் வலி எழுந்தால், நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். கணவர் வீடு வரும்வரையும் பொறுத்திராதீர்கள். அந்த நேரமே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்; ஸ்கேன் அறிக்கையையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.