உங்களுக்குத் தெரியுமா? கடல் ஏறி வந்த குகை

பினாங்குத் தீவு பெரும்பான்மையும் கிரானைட் என்னும் கருங்கற்பாறையால் அமைந்ததாதலின், கடல்சூழ்ந்த நிலத்திலே சுண்ணாம்புக் குகையின் சௌந்தரியத்தைக் காண விழையும் ஜார்ஜ் டவுன்வாசிகள், வடக்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள லங்காவிக்குப் பிரயாணம் செய்யலாம். ஆகாயத்திலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கிரகித்து அமிலத்தன்மை பெற்ற மழைநீர், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் படிந்து இறுகிய சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குகையாக்குவதோடு, கரைத்ததையே மீண்டும் சொட்டுச் சொட்டாகப் படியவைத்து, கூரையினின்று தொங்கும் விழுதுகளையும் தரையினின்று எழும் ஸ்தம்பங்களையும் நிர்மாணிக்கிறது.

லங்காவியிலுள்ள கிளிம் நதியின் அலையாத்திக் காடுகளினூடே படகிற் சென்று காணத்தக்க 'கூவா கெலாவார்' என்னும் வௌவால் குகையிலோ, இன்னுமோர் ஆச்சரியம் உண்டு. இன்றைய கடல்மட்டத்துக்கு மேலே அதன் சுவர்களில் ஒட்டியிருக்கும் பழைய சிப்பி ஓடுகள், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சமுத்திரம் அவ்வளவு உயரத்தில் நின்றது என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சியாக விளங்குகின்றன.

இத்தகைய விசேஷங்கள் நிறைந்த லங்காவி, 2007-ஆம் ஆண்டில், தென்கிழக்காசியாவிலேயே முதலாவதாக, யுனெஸ்கோவின் ஆதரவு பெற்ற புவிப்பூங்கா என்னும் அங்கீகாரத்தை அடைந்தது.