இறால் குளத்தில் நீலப்பச்சைப் பாசி: மயில்துத்தத்தைத் தேடும் முன் செய்ய வேண்டியவை

கோடைப் பட்ட வன்னமெய் இறால் 50, 60 நாட்களைத் தாண்டும்போது நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் கடலோரப் பண்ணைகளில் கேட்கும் புகார் ஒன்றுதான். "தண்ணி பெயிண்ட் மாதிரி பச்சையாயிடுச்சு, காத்தடிக்கிற மூலையில ஆடை கட்டுது, என்ன மருந்து அடிக்கலாம்?" அந்த நேரத்தில் தீவனக் கடன் முழுவதும் குளத்துக்குள்தான் இருக்கும். ஒரே இரவில் ஆக்சிஜன் இறங்கினால் மொத்தமும் போய்விடும். அதனால் பாசி என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம்.

எல்லாப் பாசியும் எதிரி அல்ல. லேசான பழுப்பு, இளம்பச்சை நிறம் தரும் நுண்பாசிகள் பகலில் ஆக்சிஜன் தருகின்றன, அம்மோனியாவை உறிஞ்சுகின்றன, அடித்தரைக்கு நிழல் கொடுக்கின்றன. தொல்லை தருபவை இரண்டு. ஒன்று, நீரில் மிதந்து ஆடை கட்டும் நீலப்பச்சைப் பாசி. இன்னொன்று, தரையில் பாய் போலப் படர்ந்து, வெயிலில் குமிழ் ஏறித் துண்டு துண்டாக மேலே வரும் அடிப்பாசி. நம் பண்ணையாளர்கள் இதை 'லாப்லாப்' என்பார்கள். பிலிப்பைன்ஸில் பால்கெண்டை வளர்ப்பவர்கள் இதே லாப்லாப்பை மீனுக்கு உணவாக வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். பெயரும் அங்கிருந்து வந்ததுதான். இறால் குளத்தில் அது அழுகினால் கருஞ்சேறுதான் மிச்சம்.

பாசிக்கு உரம் போடுவது யார்?

வயலில் உரம் போட்டால் பயிரோடு களையும் வளர்கிறது. குளத்திலும் அதே கணக்குதான், ஆனால் இங்கே உரம் தீவனப் பையில் வருகிறது. ஒரு டன் இறால் எடுக்க 1.5 டன் தீவனம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 35 சதவீதம் புரதம் உள்ள தீவனம் என்றால் அதில் ஏறத்தாழ 84 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அறுவடையாகும் இறாலின் உடலில் வெளியேறுவது 30 கிலோவுக்குள்தான். மீதி 55 கிலோ கழிவாகவும் கரைந்த தீவனமாகவும் குளத்திலேயே தங்குகிறது. யூரியா கணக்கில் சொன்னால், நீங்கள் அறியாமலே குளத்தில் 120 கிலோ யூரியா கொட்டியதற்குச் சமம். கொஞ்சம் காற்றில் கலந்து போனாலும் மிச்சம் பாசிக்குப் போதும்.

மணிச்சத்தின் நிலை இன்னும் மோசம். தீவனத்திலுள்ள மணிச்சத்தில் சிறு பங்கையே இறால் எடுத்துக்கொள்ளும். தழைச்சத்தைவிட மணிச்சத்து விகிதம் ஏறும்போது நல்ல பாசிகள் பின்வாங்கும். நீலப்பச்சைப் பாசிகளில் சில காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளக்கூடியவை என்பதால் அவை முந்திக்கொள்ளும். வயலுக்கு நன்மை செய்யும் அசோலாவுக்குள் இருப்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். எனவே இடைக்காலத்தில் 'கலர் குறைந்துவிட்டது' என்று சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போடுவது, களைக்கு உரம் வைப்பது போன்றது.

கடல்நீர்க் கண்ணாடித் தொட்டியில் பவளமும் வண்ணமீனும் வளர்ப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அவர்கள் முதலில் செய்வது இரையைக் குறைத்து, நுரையோடு கழிவை வழித்தெடுப்பது. குளம் பெரிது என்பதைத் தவிர நமக்கும் அதே வழிதான்.

காலை 6 மணியும் மாலை 3 மணியும்

பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பி.எச். ஏறும். இரவில் அதுவும் இறாலைப் போலவே சுவாசிப்பதால் ஆக்சிஜன் இறங்கும். விடியலுக்குச் சற்று முன்தான் மிகக் குறைந்த அளவு. ஆகவே பி.எச்.சைக் காலை 6 மணிக்கும் மாலை 3 மணிக்கும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். 7.5 முதல் 8.5 வரை இருந்து, இரண்டுக்கும் வித்தியாசம் 0.5-க்குள் இருந்தால் நல்லது. காலையில் 7.8, மாலையில் 8.8 என்று வந்தால் பாசி மிஞ்சிவிட்டது.

மாலை பி.எச். ஏன் முக்கியம் என்றால், அம்மோனியாவின் நஞ்சான பங்கு அதைப் பொறுத்தது. பி.எச். 7.5-இலிருந்து 8.5 ஆனால் அந்தப் பங்கு ஏறத்தாழ எட்டு மடங்காகும். பரிசோதனைக் கூடத்தில் 'அம்மோனியா அதே அளவுதான்' என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள், இறாலோ மாலையில் தீவனத் தட்டுக்கு வராது.

நீரின் தெளிவைப் பார்க்க 20 செ.மீ. வட்டத் தகட்டில் கறுப்பு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, அளவு குறித்த கம்பில் கட்டி, நல்ல வெயிலில் இறக்குங்கள். 30 முதல் 40 செ.மீ. ஆழத்தில் மறைந்தால் சரி. 25-க்குக் கீழே என்றால் அன்றே நடவடிக்கை வேண்டும். 60-க்கு மேலும் தெரிந்தால் வெளிச்சம் தரைக்குப் போய் லாப்லாப் வரும். எந்தப் பாசி என்று அறிய, கண்ணாடி பாட்டிலில் குளத்து நீரை எடுத்து நிழலில் அசைக்காமல் வையுங்கள். பச்சை மேலே மிதந்து படலமாகக் கூடினால் பெரும்பாலும் அது நீலப்பச்சைப் பாசி.

மயில்துத்தம் வேண்டாம்

மயில்துத்தம் பாசியைக் கொல்லும் என்பது உண்மை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஏக்கர் முழுவதும் உள்ள பாசி ஒரே நாளில் செத்தால் அதை அழுக வைக்கும் பாக்டீரியா அன்றிரவே ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். இரண்டு மூன்று நாளில் அம்மோனியா ஏறும். தாமிரம் இறாலின் செவுளையும் பாதிக்கும். கார அளவு குறைந்த நீரில் பாதிப்பு அதிகம். மிச்சம் அடிச்சேற்றில் தங்கிவிடும். இறால் இருக்கும் குளத்துக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. கடையில் 'பாசி கில்லர்' என்று பெயரில்லாத பாட்டிலில் தருவதையும் வாங்காதீர்கள்.

செய்ய வேண்டியது

முதலில் தீவனம். மூன்று நான்கு நாட்களுக்குக் கால் பங்கு குறைத்து, தட்டைப் பார்த்துக் கொடுங்கள். எடை நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். அந்த நிலையில் இறால் முழுத் தீவனத்தைத் தின்பதில்லை, பாசிதான் தின்கிறது.

அடுத்து, ஆடையை வழித்தெடுத்தல். தென்மேற்குக் காற்று வீசினால் படலம் வடகிழக்கு மூலையில் சேரும். மதியத்துக்கு மேல் கொசுவலைத் துணியால் இழுத்துக் கரைக்கு அப்பால் கொட்டுங்கள். வரப்பிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்பக் குளத்துக்கே வரும். வேலை சலிப்பானதுதான், ஆனால் ஒவ்வொரு கூடையிலும் தழை, மணிச் சத்துகள் குளத்தை விட்டு வெளியேறுகின்றன. வேறெந்த மருந்தும் அதைச் செய்யாது.

நீர் மாற்றுவதானால் தேக்கக் குளத்தில் சுத்திகரித்து வைத்த நீரை மட்டும், ஒரு தடவைக்கு 10 சதவீதம் அளவில் மாற்றுங்கள். பாசிக்குப் பயந்து வாய்க்கால் நீரை நேரே ஏற்றினால் வெள்ளைப்புள்ளி நோய் வரலாம்.

மொலாசஸ் பலருக்குப் பழக்கம். நன்மை செய்யும் பாக்டீரியா அதைத் தின்று, பாசிக்குப் போக வேண்டிய அம்மோனியாவைக் கட்டிப்போடும். அம்மோனியா வடிவிலுள்ள தழைச்சத்து 1 கிலோவைக் கட்ட ஏறத்தாழ 20 கிலோ சர்க்கரைச்சத்து வேண்டும். மொலாசஸில் பாதிதான் சர்க்கரை என்பதால் 40 கிலோ ஆகும். இதைப் பல நாட்களாகப் பிரித்து, காலை வெயில் ஏறிய பின், எல்லா ஏரேட்டரும் ஓடும்போது ஊற்றுங்கள். மாலையில் ஊற்றக் கூடாது. பாக்டீரியாவும் ஆக்சிஜன் குடிக்கும்.

இரவு 10 மணி முதல் விடியும் வரை ஏரேட்டர் நிற்கக் கூடாது. ஆக்சிஜன் 4 பி.பி.எம்.-க்குக் கீழே போக விடாதீர்கள். மின்தடைக்கு ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்பதை மாலையிலேயே பாருங்கள்.

நிறம் திடீரென்று மாறினால்

பச்சை நீர் ஒரே நாளில் வெளுத்தோ, பழுப்பு நுரை தள்ளியோ காணப்பட்டால் பாசி மொத்தமாகச் செத்துவிட்டது என்று பொருள். மேகம் மூடிய நாட்களிலும் திடீர் மழைக்குப் பின்னும் இது நடக்கும். அன்று தீவனத்தை நிறுத்துங்கள், பகலிலும் ஏரேட்டரை ஓட்டுங்கள், நுரையை வழித்தெடுங்கள். மொலாசஸ் அன்று வேண்டாம். மழை பெய்தால் மேலே நிற்கும் நன்னீரை மேல்மட்ட மடையால் வடித்துவிடுங்கள். உப்பு குறைவது நீலப்பச்சைப் பாசிக்குச் சாதகம்.

லாப்லாப்பைப் பொறுத்தவரை, நீர் மட்டத்தை 1.2 மீட்டருக்குக் குறையாமல் வைத்து, குஞ்சு விடும் முன்பே நல்ல நிறம் பிடிக்க வைத்தால் பாதி வேலை முடிந்தது. சங்கிலி இழுப்பதை முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். 60-ஆம் நாளில் புதிதாக இழுத்தால் அடியில் அடைந்திருக்கும் நச்சு வாயு கலங்கி மேலே வரும்.

அறுவடைக்கு ஒரு வாரம் முன் நான்கு இறாலை உப்பு, மசாலா இல்லாமல் வேக வைத்துத் தின்று பாருங்கள். மண் வாடை அடித்தால் அது நீலப்பச்சைப் பாசி விடும் பொருளின் வேலை. வியாபாரி விலையைக் குறைப்பார். பாசியை வழித்து, தேக்கக் குளத்து நீரை மாற்றி, சில நாள் பொறுத்தால் வாடை குறையும். மறுபடி வேக வைத்துப் பார்த்த பிறகு வலையைக் கட்டுங்கள்.