மைன்கிராஃப்ட் சர்வர்களில் நில எல்லை

மைன்கிராஃப்டில் ஏறக்குறைய எந்தப் பிளாக்கையும் யாரும் உடைக்கலாம், எங்கும் வைக்கலாம். பலர் சேர்ந்து ஆடும் சர்வரில் இந்தச் சுதந்திரமே வினையாகிறது. ஒருவர் வாரக்கணக்கில் எழுப்பிய கோட்டையை முன்பின் தெரியாத ஒருவர் ஒரே இரவில் தரைமட்டமாக்கிவிடலாம். இந்த நாசவேலைக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கிரீஃபிங்’. அதைத் தடுக்கவே சர்வர் நடத்துபவர்கள் நிலத்துக்கு எல்லை வகுக்கிறார்கள்.

ஜாவா பதிப்பின் சர்வரோடு இயல்பாக வருவது ஒரே ஒரு பாதுகாப்புதான். புதியவர்கள் வந்து இறங்கும் ‘ஸ்பான்’ இடத்திலிருந்து நான்கு பக்கமும் 16 பிளாக், அதாவது 33-க்கு 33 சதுரம், நிர்வாகிகளைத் தவிர வேறு யார் கைக்கும் உடையாது. ஆனால் நிர்வாகியாக ஒருவரையும் நியமிக்காத சர்வரில் இது வேலையே செய்யாது.

மற்றதெல்லாம் சர்வரில் கூடுதலாகச் சேர்க்கும் பிளகின்களின் பொறுப்பு. ‘வோர்ல்ட்கார்டு’ நிர்வாகிகளுக்கானது. மரக்கோடரியால் எதிரெதிர் மூலைகள் இரண்டைத் தட்டி ஒரு பெட்டி வடிவப் பகுதியைக் குறித்து, அதற்குப் பெயரும் உரிமையாளரும் விதிகளும் சேர்க்கலாம். அங்கே ஆளை ஆள் அடிக்கலாமா, க்ரீப்பர் அரக்கன் வெடித்தால் சுவர் இடியுமா, வெளியாள் சேமிப்புப் பெட்டியைத் திறக்கலாமா என்பதையெல்லாம் தனித்தனியே முடிவு செய்யலாம். ‘கிரீஃப்பிரிவென்ஷன்’ அந்த வேலையை ஆட்டக்காரர் கையிலேயே கொடுத்துவிடுகிறது. முதல் சேமிப்புப் பெட்டியை வைத்ததுமே அதைச் சுற்றிக் கொஞ்சம் நிலம் அவர் பெயருக்கு வந்துவிடும். ஆட ஆட, மணிக்கு 100 பிளாக் என்ற கணக்கில் கூடுதல் உரிமை சேரும். அதைத் தங்க மண்வெட்டியால் அளந்து எடுத்துக்கொள்ளலாம். கையில் குச்சியோடு தரையைச் சுட்டினால் எல்லையின் மூலைகளில் ஒளிக்கற்கள் தெரியும். நில அளவையர் நடும் மூலைக்கல்லைப் போன்றவைதான் இவையும். ஆனால் சுட்டியவர் திரையில் மட்டும் தோன்றி மறைவதால், இரவோடு இரவாக யாரும் பிடுங்கி நகர்த்த முடியாது.

எல்லை என்றதும் நீளமும் அகலமும்தான் நினைவுக்கு வரும். இந்த உலகில் உயரமும் எல்லைதான். வோர்ல்ட்கார்டில் தரைமட்டத்தில் இரண்டு மூலைகளைத் தட்டிவிட்டுப் போனால், பாதுகாக்கப்படுவது ஒரு பிளாக் தடிமனுள்ள தளம் மட்டுமே. மேலே எழும் வீடு முழுவதும் வெளியாள் கைக்கு எட்டும். அதனால் விவரமறிந்தவர்கள் குறித்த பெட்டியை அடிமட்டத்திலிருந்து உச்சிவரை இழுத்துவிடுவது வழக்கம். பல ஆண்டுகள் அந்த அடிமட்டம் 0, உச்சி 255. அடியில் உடைக்கவே முடியாத பெட்ராக் படுத்திருந்ததால் கீழிருந்து ஆபத்து வர வழியில்லை.

2021 நவம்பர் 30 அன்று வெளியான 1.18 பதிப்பு உலகையே நீட்டிவிட்டது: அடிமட்டம் -64, உச்சி 319. பழைய உலகங்களில் 0 மட்டத்துக்குக் கீழே புதுக் குகைகள் தோன்றின. பழைய பெட்ராக்கின் இடத்தில் உடைக்கக்கூடிய கரும்பாறை வந்தது. ஆனால் பெட்டிகளில் எழுதி வைத்த எண்கள் மாறவில்லை. பத்திரம் போட்டு எடுத்த வீட்டுக்கு அடியில் 64 பிளாக் ஆழத்துக்கும் மேலே 64 பிளாக் உயரத்துக்கும் புறம்போக்கு முளைத்தது. அங்கே யாரும் சுரங்கம் தோண்டலாம், தலைக்கு மேலே மேடை கட்டலாம். பழைய பெட்டிகளைப் புதிய அளவுக்கு நீட்ட வோர்ல்ட்கார்டு பின்னர் ஒரு கட்டளையைச் சேர்த்தது. அதை இட வேண்டியவர் நிர்வாகி. புதுப் பதிப்பை ஏற்றியதும் அந்தப் பக்கமே திரும்பாத நிர்வாகிகளும் உண்டு.

பிளகினால் தடுக்க முடியாததும் இருக்கிறது. அனுமதி கொடுத்துச் சேர்த்த நண்பரே உடைத்தால் எல்லை என்ன செய்யும்? அப்போது கைகொடுப்பது ‘கோர்ப்ரொடெக்ட்’ என்ற இன்னொரு பிளகின். எந்தப் பிளாக்கை யார், எப்போது வைத்தார், உடைத்தார் என்று குறித்து வைத்து, ஒருவர் செய்த சேதத்தை மட்டும் பிரித்து முன்பிருந்தபடி மீட்டுத் தரும். எல்லையை ஒட்டி வேண்டுமென்றே அசிங்கமான கோபுரம் எழுப்புபவரை எந்தப் பிளகினும் குற்றவாளியாகக் கருதாது. அதற்கு எழுதி வைத்த விதியும், புகாரைக் காதுகொடுத்துக் கேட்கும் நிர்வாகியும் வேண்டும். எல்லா விதியையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2010 டிசம்பரிலிருந்து நடக்கும் ‘2பி2டி’ சர்வர் சாட்சி. அதன் ஸ்பான் பகுதி குண்டும் குழியுமான பாழ்நிலம். கட்டியதைக் காப்பாற்ற நினைப்பவர்கள் பல லட்சம் பிளாக் தள்ளிப்போய் மறைந்து வாழ்கிறார்கள்.

எடுத்த நிலமும் நிரந்தரமல்ல. உரிமையாளர் நெடுநாள் எட்டிப் பார்க்காவிட்டால், நிர்வாகி வைத்த கெடு தாண்டியதும் கிரீஃப்பிரிவென்ஷன் அவருடைய உரிமையை நீக்கிவிடும். சேர்ந்த சர்வரில் அந்தக் கெடு எத்தனை நாள் என்பதைப் பரீட்சைக்காக ஒதுங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.