ஒரு மில்லிமீட்டரில் மாறும் சிகிச்சை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்க்கிறவர்களில் பலர், மலத்தில் ரத்தம் கண்டால் 'உடம்புச் சூடு, மூலம்' என்று தாங்களே முடிவு கட்டி மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும். ஆனால், பெருங்குடல் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டக்கூடும். தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால், வயிற்றைத் திறக்காமல் கொலோனோஸ்கோபி குழாய் வழியாகவே கட்டியை எடுத்துவிட வாய்ப்பு உண்டு. அதற்கு முதலில் தெரிய வேண்டியது, கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது.

ஆழம் ஏன் முக்கியம்?

பெருங்குடலின் உட்சுவரில் முதலில் இருப்பது சளிச்சவ்வு. அதற்கு அடியடுக்கில் ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. அதற்கும் கீழே தசை. சளிச்சவ்வைத் தாண்டாத புற்று, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவதில்லை என்றே சொல்லலாம். அடியடுக்கில் நுழைந்துவிட்டால் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பரவியிருக்கும். அங்கும் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றிருந்தால் ஆபத்து மிகக் குறைவு. அதைத் தாண்டினால், குடலின் ஒரு பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படும்.

மேற்பரப்பைப் பார்த்து ஆழத்தை அறிவது எப்படி?

வெல்டிங் செய்த இடத்தில் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்து விரிசலைத் தேடும் சோதனை தொழிற்சாலைக்காரர்களுக்குத் தெரியும். குடலிலும் சாயம்தான் கைகொடுக்கிறது. இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயம் தெளித்தால் மேடு பள்ளங்கள் துலங்கும். கிரிஸ்டல் வயலெட் பூசிப் பெரிதாக்கிப் பார்த்தால் மேற்பரப்பின் நுண்துளைகள் தெரியும். ஜப்பானிய மருத்துவர் ஷின்-எய் குடோ இந்தத் துளைகளின் வடிவங்களை வகைப்படுத்தினார். துளைகளின் ஒழுங்கு சிதைந்து, அவை இல்லாமலே போயிருந்தால் புற்று ஆழமாக இறங்கியிருக்கலாம்.

சாயம் இல்லாமலும் பார்க்கலாம். நேரோ பேண்ட் இமேஜிங் முறையில் 415, 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல, பச்சை ஒளிகளைப் பாய்ச்சுகிறார்கள். ரத்தத்தின் ஹீமோகுளோபின் அவற்றை உறிஞ்சுவதால், நுண்ணிய ரத்தக் குழாய்கள் எடுப்பாகத் தெரிகின்றன. குழாய்கள் அறுந்தும், ஆங்காங்கே காணாமலும் இருந்தால் அது ஆழத்தின் அடையாளம். 2014இல் ஜப்பானில் உருவான ஜேநெட் வகைப்பாடு இவற்றை 1, 2ஏ, 2பி, 3 எனப் பிரிக்கிறது. 3 என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை. 2பி என்றால் சாயம் பூசி மறுபடி பார்க்க வேண்டும்.

கட்டியின் அடியில் உப்புநீர் ஏற்றியும் பார்ப்பார்கள். கட்டி மேலெழும்பாவிட்டால் அது ஆழத்தில் வேர்விட்டிருக்கலாம்; முன்பு எடுத்த பயாப்ஸியின் தழும்பும் அப்படித் தடுக்கும். பயாப்ஸியில் கிள்ளியெடுக்கும் சிறு துணுக்கு ஆழத்தைச் சொல்லாது. படம் தருவதும் மதிப்பீடுதான். முழுதாக அகற்றிய கட்டியை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே இறுதி முடிவு.

நாம் செய்ய வேண்டியது

மலத்தில் ரத்தம், மலம் கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம், காரணமற்ற ரத்தசோகை, எடைக்குறைவு: இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்தால், அறிகுறிக்குக் காத்திருக்காமல் கேளுங்கள். இரவுப்பணியால் புற்றுநோய் வர வாய்ப்பிருக்கிறது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2019இல் மீண்டும் உறுதிசெய்தது. தொடர்பு காணப்பட்ட புற்றுநோய்களில் பெருங்குடலும் அடக்கம்.

திருவள்ளூரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புறநகர் ரயிலில் சென்னை சென்ட்ரலில் இறங்கினால் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இஎஸ்ஐ அட்டை உள்ளவர்கள் தங்கள் மருந்தகத்திலிருந்தே தொடங்கலாம்.

பரிசோதனைக்கு முன் தரும் பேதி மருந்தைச் சொன்னபடி முழுதும் குடிப்பது நோயாளியின் பங்கு. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் எந்த ஒளியும் எந்தச் சாயமும் உதவாது. நைட் ஷிஃப்ட் முடித்த களைப்போடு அதைச் செய்ய முடியாது. அதற்காக ஒருநாள் விடுப்புக் கேட்பது தொழிலாளியின் நியாயம், கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.