தோலுறை பேணல்

ஓருறையில் இரு வாள் அடங்கா என்பர். ஈரமும் கத்தியும் அவ்வாறே. வாவிக்கரையிலுள்ள ஏறாவூரில் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இதனை எவரும் காணலாம். தோல் நுண்டுளைகள் நிறைந்தது. காற்றின் ஈரத்தையும் உவர்நீரின் உப்பையும் உறிஞ்சித் தேக்கும். மரப்பட்டையாற் பதனிட்ட தோலின் துவர்ப்பொருளும் நனைந்தவிடத்து இரும்பை அரிக்கும். புறத்தே பூஞ்சணம் தோன்றுமுன் அகத்தே துருவேறிவிடும்.

நனைந்த உறையை நன்னீரில் தோய்த்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலிலே உலர்த்துக. அடுப்பனல் தோலைச் சுருக்கி வெடிக்கச் செய்யும். தேன்மெழுகு ஏறக்குறைய 63 பாகை செல்சியசில் உருகும். அதனைக் கொதிநீர்ப் பாத்திரத்துள் வைத்து உருக்கி, தேங்காயெண்ணெய் சிறிது கலந்து ஆறவிட்டு, உலர்ந்த உறையின் புறத்திலே மெல்லெனத் தேய்க்க. நீர் புகும் வழி தையலாதலின் அங்கே சற்று மிகுதியாக இடுக.

மெழுகு ஈரத்தைத் தாமதிக்குமேயன்றி முற்றாகத் தடுக்காது. ஆதலின், வீடு திரும்பியதும் கத்தியை உருவித் துடைத்து, எண்ணெய் பூசி, உறைக்குப் புறம்பே வைத்தல் வேண்டும்.