இறப்பர்ப் பாலிற் பிறக்கும் கவசம்

கவசத்தைப் பழந்தமிழர் மெய்ம்மறை என்றனர். போர்க்களத்து மெய்ம்மறை உயிரைக் காக்கும். அரங்கத்து மெய்ம்மறையோ ஆட்டத்தைக் காத்தல் வேண்டும். வடமோடிக் கூத்தின் மரத்தாலான முடியும் புயகீர்த்தியும் அழகு மிக்கவை, பாரமும் மிக்கவை. பதினைந்து வயது மாணவன் அவற்றைத் தாங்கிச் சுழன்றாடுதல் அரிது. ஆதலின், சித்திர ஆசிரியரோடு கூடி, கர்ணன் கவசத்தை இறப்பர்ப் பாலில் வார்க்க எம் மாணவரைப் பழக்கி வருகின்றேன்.

முதலிற் களிமண்ணில் உருவமைத்து, அதன்மேற் பாரிசுச் சாந்து ஊற்றி அச்செடுத்தல் வேண்டும். அச்சின் உட்புறத்தில் எண்ணெய் பூசலாகாது; சாந்து நீரை உறிஞ்சுவதனாலேயே பால் அதன் சுவரிற் படிந்து தடிக்கின்றது. வேண்டிய தடிப்பு வந்ததும் எஞ்சிய பாலை வடித்துவிடுக. உலர்ந்தபின் முகப்பூச்சு மாவைத் தூவி உரித்தெடுக்கலாம். மாவின்றேல் இறப்பர் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும்.

நிறமூட்டலே நுட்பமானது. நீரிற் குழைத்த நிறப்பொடியைப் பாலிற் கலப்பர். வெண்பாலில் வெளிறித் தோன்றும் நிறம் உலர்ந்ததும் கருமை கொள்ளும். ஆதலாற் சிறு துண்டொன்றை உலர்த்திப் பார்த்தே அளவு துணிதல் வேண்டும். மேற்பூச்சையும் இறப்பர்ப் பாலிலேயே குழைத்தல் நன்று; ஏனைய வர்ணங்கள் வளையுமிடத்து வெடிக்கும். பொன்னிறம் வேண்டிச் செம்பு கலந்த பொடி தூவலாகாது. செம்பு இறப்பருக்கு நஞ்சு.

ஆயினும் ஒன்று. இறப்பர் வெயிலாலும் காற்றாலும் சில ஆண்டுகளில் நைந்துபோகும். மரமுடியோ பேணினால் தலைமுறை கடக்கும். ஆகவே மரக்கவசத்தைப் பேணுவோம். அதன் வடிவைப் பார்த்தே வார்ப்போம். இறப்பரை மட்டும் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு முடி செதுக்கும் கலை வெறுங் கதையாகிவிடும்.